ஓட்ஸ் வயலோரத்து மடி

என் அண்ணா சந்தானத்துக்கு வாஷிங் மெஷின்கூட ஓரளவுக்குப் பரவாயில்லை. ட்ரையர் என்றால் ஆகவே ஆகாது. "அதுக்குள்ள உன் பொண்ணோட சாக்ஸ், உன் ஜட்டி எல்லாம் சேர்ந்து சுத்தியிருக்கு. அதுல வேஷ்டியைப் போட்டு எடுத்து, அதைக் கட்டிண்டு அப்பாவுக்குத் தெவசம் பண்ணணுமாக்கும்?" என்று ஹூஸ்டன் ஏர்போர்ட்டிலிருந்து நாங்கள் குடியிருந்த கேட்டி என்ற ஊருக்கு வரும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டான். ஃப்ரீவேயில் முழுசாக ஒரு மணி நேரம். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சண்டை வரும் என்று என் மனைவி ஷ்யாமளா நான் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்.

வழக்கமாக அப்பாவின் தெவசம் நியூ ஜெர்ஸியில், வெஸ்ட் வின்ட்சரில், அண்ணா வீட்டில்தான் நடக்கும். நான் ப்ளேன் பிடித்துப் போய்ப் பக்கத்தில் நிற்பேன். அந்த வருஷம், எண்பத்து நாலில், சான்டா கிளாராவில் இருக்கும் அவன் பெண் முழுகாமல் இருந்தாள். மன்னி அவளைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள். சமைக்க ஆள் இல்லை. அதனால் தெவசம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே அண்ணாவும், அண்ணாவின் மடியும்.

மடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குளித்துவிட்டுத் துணியைத் துவைத்து, யார் கையும் படாமல் உயரமான கொடியில் உலர்த்தி, உலர்ந்ததும் குச்சியால் எடுத்து உடுத்திக்கொள்வது. அதற்கப்புறம் காரியம் முடிகிற வரைக்கும் யாரும் உடுத்தியவரைத் தொடக் கூடாது. குழந்தை ஓடி வந்தால்கூட, "தள்ளிப் போ, மேல பட்டுடாதே" என்று கத்துவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இது பிடிக்காது. மனுஷாளைத் தள்ளி வைப்பதற்கு ஒரு பெயர், அதற்குப் புண்ணியம் வேறு! இதை அண்ணாவிடம் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். பத்துத் தரமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் உத்தியோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் படித்தது கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில். கேட்டியைச் சுற்றி அப்போதெல்லாம் வயல்தான். கோடையில் நெல், குளிரில் ஓட்ஸ். விவசாயிகளுக்கு விதையும் பூச்சி மருந்தும் விற்கும் ஒரு கம்பெனியில் எனக்குப் பயிர் ஆலோசகர் வேலை. வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணி, மருந்து வேண்டுமா வேண்டாமா, வேண்டுமென்றால் டிராக்டரில் அடிப்பதா விமானத்தில் அடிப்பதா, எந்த நேரம், ஏக்கருக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மருந்து விற்கும் கம்பெனியில் இருந்துகொண்டு "வேண்டாம்" என்று எழுதினால் மேனேஜர் முகம் சுருங்கும். ஆனாலும் நான் வேண்டாம் என்று எழுதியதுதான் அதிகம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தக் கம்பெனி வழியாகத்தான் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தோம். அது ஒன்றரை வருஷமாகப் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் வீட்டுப் பின்வேலியைத் தாண்டினால் டெல்பர்ட் ஷூமன் என்பவரின் ஓட்ஸ் வயல். எண்பது ஏக்கர். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் அதில் படைப்புழு விழுந்துவிட்டது. நான் ஓரடிக்கு ஓரடி ஒரு கம்பிச் சட்டம் வைத்திருப்பேன். அதைப் பயிருக்குள் போட்டு, தாளை உதறி, சட்டத்துக்குள் விழும் புழுவை எண்ணுவது. புதன்கிழமை பத்து இடத்தில் போட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஒன்பது, ஓர் இடத்தில் பதினொன்று. ஐந்தைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். காம்பைக் கடித்துக் கடித்துக் கதிரையே கீழே தள்ளிக்கொண்டிருந்தன. டெல்பர்ட் குனிந்து விழுந்த கதிரில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை வேண்டாம் என்று எழுத வழியில்லை.

கதிர் வந்த பயிருக்குள் டிராக்டரை விட்டால் சக்கரத்தில் பாதி போய்விடும். மழை பெய்து தரையும் சேறாக இருந்தது. விமானம்தான். மருந்து மெத்தில் பாரத்தியான். புழுவுக்கு நல்ல மருந்து, மனுஷனுக்கு நல்ல விஷம். தெளித்த வயலுக்குள் இரண்டு நாளைக்குக் கால் வைக்கக் கூடாது. வீடுகளை ஒட்டிய அறுபது அடிப் பட்டையைத் தொடாமல் விட்டுவிட வேண்டும், அதைத் திங்கட்கிழமை கைத்தெளிப்பானில் வேறு மருந்து வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

விமானம் கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு பழக்கம். வயலோரம் போய், பழைய காப்பி டின்னில் கொஞ்சம் வைக்கோலைப் போட்டுக் கொளுத்துவேன். புகை மேலே எழும்பி லேசாகச் சாய்ந்தால் சரி. மேலே எழும்பாமல் தரையோடு படுத்துக்கொண்டு நகர்ந்தால், கிளம்பாதே என்று பைலட்டுக்குச் சொல்லிவிடுவேன். விடியற்காலையில் தரை குளிர்ந்து, மேலே காற்று கதகதப்பாக இருந்தால் மருந்தின் பொடித் துளிகள் மேலேயும் போகாது, கீழேயும் விழாது. மிதந்தபடியே பக்கவாட்டில் எங்கே வேண்டுமானாலும் போகும். லேசாகக் காற்று வீசும் நாளைவிட, இலை அசையாத இந்த விடியற்காலைதான் பொல்லாதது. எனக்கு இது தெரியாமல் இல்லை. ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குச் சொல்லியே இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தெளிப்பதாக ஏற்பாடு. காற்று பலமாக இருக்கிறது என்று பைலட் கென்னி மறுநாளைக்குத் தள்ளிவிட்டான். மறுநாள் சனிக்கிழமை, தெவசம்.

அண்ணா நாலரை மணிக்கே எழுந்துவிட்டான். பாத் டப்பை மூன்று தரம் தேய்த்துக் கழுவி, பச்சைத் தண்ணீரில் குளித்து, ஒன்பது முழம் வேஷ்டியை அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் வெளியே துணி உலர்த்தக் கூடாது என்று சட்டம். தெருவிலிருந்து தெரியாமல் இருக்க வேண்டுமே என்று, தோட்டத்தின் கடைசியில், பேரி மரத்துக்கும் வேலித் தூணுக்கும் நடுவில், முதல் நாளே கயிறு கட்டி வைத்திருந்தேன். அங்கே தொங்கினால் டெல்பர்ட்டின் ஓட்ஸைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"பாத்தியா, ஒரு ஈ காக்கா தொட முடியாது," என்றான் அண்ணா, பரம திருப்தியாக.

ஆறு மணி இருக்கும். சமையலறை ஃபோன் அடித்தது. கென்னி. காற்றே இல்லை, அப்படியே நிற்கிறது, அடித்துவிடட்டுமா என்று கேட்டான். நான் பின்கதவைத் திறந்து பார்த்தேன். பேரி மரத்தில் ஓர் இலை அசையவில்லை. டின் இருக்கும் கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குச் சுற்றிப் போய், அதைக் கொளுத்திப் பார்த்துவிட்டு வரலாம். வந்தால் மறுபடி தலைக்குக் குளிக்க வேண்டும். நான் குளித்து முடித்திருந்தேன். மருந்து ட்ரக்கில் ஏறி இறங்கிவிட்டு வந்து நின்றால் அண்ணா என்ன பேசுவான் என்று யோசித்தேன். ஷ்யாமளா மடிப்புடவையில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஃபோன் வயர் மேல படறது, தள்ளி நில்லுங்கோ" என்றாள். சரி, இன்றைக்கு ஒரு நாள்தானே!

"கோ அஹெட்," என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

விமானம் இருபது தரம் போய் வந்திருக்கும். அண்ணா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தான். "என்னடா இது, ஜபம் பண்ண விடாம தலைக்கு மேல?"

"நம்ம தலைக்கு மேல இல்லண்ணா. ரொம்பத் தள்ளி," என்றேன்.

ஒன்பது மணிக்குச் சமையல் முக்கால்வாசி ஆகிவிட்டது. பத்தரைக்கு வாத்தியார் வருவார். அண்ணா கூடத்தில் தர்ப்பையைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று மூக்கை உறிஞ்சினான்.

"ஷ்யாமளா, பூண்டு வாசனை வரதே?"

ஷ்யாமளாவின் முகம் சுண்டிவிட்டது. "இல்லையே அண்ணா. ஆத்துல பூண்டே கிடையாது." புதன்கிழமையே வீட்டிலிருந்த பூண்டு, வெங்காயம் அத்தனையையும் பையில் போட்டு அடுத்த வீட்டு டோனாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். டோனா இன்றுவரை அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

"இல்லேன்னா எப்படி வரும்? என் மூக்கு பொய் சொல்றதா?"

ஷ்யாமளா ஃப்ரிஜ்ஜைத் திறந்து துழாவினாள். ஃப்ரீசரின் அடியில், ஐஸ் மூடிப்போய், பீட்ஸா கடையிலிருந்து என்றைக்கோ வாங்கிய கார்லிக் பிரெட் ஒரு பொட்டலம் இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. குச்சியால் தள்ளிக் குப்பைக் கூடையில் விழச் செய்து, கூடையைக் கராஜுக்கு எடுத்துப் போகும்படி என்னிடம் சொன்னாள். அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் தலையை ஆட்டினான் பாருங்கள், அதற்குச் சொல்லியே இருக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உறைந்துபோன ரொட்டிக்கு எங்கே வாசனை வரும் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் பெண் மீனாக்ஷி, ஏழு வயது, பின்கதவுப் பக்கம் நின்றுகொண்டு, "டாடி, இட்ஸ் நாட் தி கிச்சன். இட்ஸ் கமிங் ஃப்ரம் தி பேக்யார்ட்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெத்தில் பாரத்தியானுக்குப் பூண்டு வாசனை.

"மீனு, வெளில போனியா?"

"நோ. ஐ ஜஸ்ட் ஓபன்ட் தி டோர்."

அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினேன். அந்த மருந்து உடம்பில் ஏறினால் கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிவிடும். அவளுக்கு நன்றாக இருந்தது. இன்னொரு தரம் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. "ஜன்னல் எல்லாத்தையும் சாத்து. குழந்தையை உள்ரூமுக்கு அழைச்சிண்டு போ," என்று ஷ்யாமளாவிடம் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

புல்லுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்திருந்த க்ளோவர் செடிகளில் தேனீக்கள் மல்லாந்து கிடந்தன. சில இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. கொடியில் வேஷ்டி காய்ந்து, மொடமொடவென்று, பளிச்சென்று தொங்கியது. ஒரு கறை இல்லை. அதன் மடிப்பில் இரண்டு பொறிவண்டுகள் செத்து ஒட்டிக்கொண்டிருந்தன. கிட்டே போய் முகர்ந்தேன். பூண்டேதான்.

வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கென்னி நான் சொன்னபடி அறுபது அடியை விட்டுத்தான் அடித்திருந்தான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அசையாத காற்றில் மிதந்து வந்திருக்கிறது. காப்பி டின்னைக் கொளுத்தியிருந்தால் இரண்டே நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அந்த வேலியை ஒட்டி எங்களோடு சேர்த்து ஏழு வீடு. அடுத்த தோட்டத்தில் ஊஞ்சல், சறுக்குமரம், காற்றடித்து நிரப்பிய நீலநிற பிளாஸ்டிக் குட்டிக் குளம். பொய் சொல்ல மாட்டேன், அத்தனையும் என் கண்ணில் பட்டது. பட்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். போய்ச் சொன்னால் அவர்கள் சங்கத்துக்குச் சொல்வார்கள். சங்கம் கம்பெனிக்குச் சொல்லும். கம்பெனிக்கு என்னை விட்டால் இன்னொரு ஆள். எனக்கு அந்த கிரீன் கார்டு ஃபைலை விட்டால் வேறு ஃபைல் இல்லை. முதலில் வேஷ்டியைப் பார்ப்போம், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது.

திரும்பினால் அண்ணா கையில் குச்சியோடு வந்துகொண்டிருந்தான், வேஷ்டியை எடுக்க.

"அண்ணா, அதை எடுக்காதே. அதுல மருந்து பட்டிருக்கு."

"என்ன மருந்து?"

"காத்தால ப்ளேன் அடிச்ச மருந்து. பறந்து வந்திருக்கு. விஷம் அது. மேல பட்டா தோல் வழியாவே உள்ள போயிடும்."

அண்ணா வேஷ்டியை மேலும் கீழும் பார்த்தான். "ஒண்ணும் தெரியலையே. நீதானே சொன்னே, ரொம்பத் தள்ளிப் போறதுன்னு?"

"சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

"வாஞ்சி," என்றான். குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் மோசம். "நீ மடியைக் கேலி பண்ணாத வருஷம் கிடையாது. திட்டிட்டு விட்டிருக்கேன். இன்னிக்கு அப்பா நாள். இன்னிக்குமா? வேற வேஷ்டி கிடையாது எனக்கு. ராத்திரிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. தள்ளிக்கோ."

"கேலி இல்லண்ணா. சத்தியமா."

"தள்ளிக்கோடா."

குச்சியை நீட்டினான். அந்த வேஷ்டியைப் பஞ்சகச்சமாக இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு, ஹோம நெருப்புக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்காரப் போகிறான். ஐம்பத்து நாலு வயசு. வேர்க்க வேர்க்க மருந்து உள்ளே போகும். செத்துவிடுவான் என்று சொல்ல மாட்டேன், பட்டது கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு கொஞ்சம் என்று யாருக்குத் தெரியும்? அப்பா போனபோது எனக்குப் பதினாறு வயசு. அதற்கப்புறம் எனக்கு அப்பா என்று இருந்தவன் இவன்தான். இவனோடு சண்டை போடாமல் என்னால் ஒரு நாள் இருக்க முடியாது, இவன் இல்லாமலும் இருக்க முடியாது.

எட்டிப் போய் இரண்டு கையாலும் வேஷ்டியைக் கொடியிலிருந்து உருவிச் சுருட்டினேன்.

"அடப்பாவி!" என்று அண்ணா கத்தினான். "தொட்டுட்டியேடா! அப்பா தெவசத்தன்னிக்கு மடியைத் தொட்டுட்டியேடா!" குச்சி கையிலிருந்து விழுந்துவிட்டது. அவன் கண்ணில் தண்ணீர் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதில் சொல்ல நேரமில்லை. பக்கவாட்டு வழியாகக் கராஜுக்கு ஓடினேன். வேஷ்டியைக் குப்பைப் பையில் போட்டு முடிந்தேன். சட்டையையும் கழற்றி இன்னொரு பையில் போட்டேன். குழாயைத் திறந்து, சோப்புத் தூளை அள்ளி, விரல் இடுக்கிலிருந்து முழங்கைக்கு மேல் வரைக்கும் தேய்த்தேன். கழுவினேன். மறுபடி தேய்த்தேன். நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ தேய்க்கும்போது, உள்கதவு திறந்து மீனாக்ஷி, "டாடி, வொய் இஸ் பெரியப்பா க்ரையிங்?" என்று என்னை நோக்கி ஓடி வந்தாள்.

"தள்ளிப் போ!" என்று கத்தினேன். "கிட்ட வராதே! மேல பட்டுடாதே!"

அவள் அப்படியே நின்றாள். அழவில்லை. பழக்கம்தான். சரியாக ஆறடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னாலேயே வந்த ஷ்யாமளா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கராஜ் வாசலில் அண்ணா நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. என் கையைப் பார்த்தான். தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. குழந்தை நின்ற இடத்தைப் பார்த்தான்.

"தினமும் இதுதான் அண்ணா," என்றாள் ஷ்யாமளா மெதுவாக. "வாசல் வழியா வரவே மாட்டார். இங்கேயே துணியை அவுத்துப் போட்டு, அதுக்குத் தனி பக்கெட். குளிச்சுட்டு வர வரைக்கும் குழந்தையைக் கிட்ட சேர்க்க மாட்டார். வண்டிச் சத்தம் கேட்டா அவ ஓடுவா, நான் புடிச்சு வெச்சுப்பேன்."

அண்ணா மறுபடி என் கையைப் பார்த்தான். அப்புறம், "அவ்வளவு விஷமாடா?" என்று கேட்டான்.

"ஆமாண்ணா."

"அதை நீ வெறும் கையால பிடிச்சே."

"நீ கேக்க மாட்டேனுட்டியே!"

நான் நன்றாகத் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது வாத்தியார் பாலசுப்ரமணியன் வந்திருந்தார். வாரத்தில் ஐந்து நாள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கெமிக்கல் இன்ஜினியர், சனி ஞாயிறு வாத்தியார். அண்ணா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"என்ன கெமிக்கல் மாமா?"

"மெத்தில் பாரத்தியான்."

"ஐயையோ," என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். அப்புறம் சமாளித்துக்கொண்டு, "ஒண்ணும் குறையில்லை. உங்க வேஷ்டியை நனைச்சுப் பிழிஞ்சு, ஏழு தரம் உதறி அண்ணா கட்டிக்கட்டும். ஈரத்தை ஏழு தரம் உதறினா உலர்ந்ததுக்குச் சமம். தாராளமாப் பண்ணலாம்," என்றார்.

என் வேஷ்டி ட்ரையரில் சுற்றி வந்த வேஷ்டி. அண்ணா அதை வாங்கிக்கொண்டு போய்த் தானே நனைத்து, பிழிந்து, உதறினான். ஏழு உதறலும் குளியலறையிலிருந்து கேட்டது. கட்டிக்கொண்டு வந்து, ஈரத்தில் உடம்பு லேசாக நடுங்க, என் எதிரில் நின்றான். எல்லாம் முடிந்தது, இனி ஆரம்பிக்கலாம் என்று நான் பலகையைப் போடக் குனிந்தேன்.

"பக்கத்து ஆத்துலெல்லாம் சொல்லிட்டியா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் சொல்றேண்ணா. தெவசம் ஆகட்டும்."

"எப்போ?"

"சாயங்காலம்."

"அதுவரைக்கும் அவா குழந்தைகள் தோட்டத்துக்கு வராதா?"

நான் நிமிரவில்லை. "உனக்குத் தெரியாதுண்ணா. நான்தான் அடிக்கச் சொன்னேன். பாக்காம சொன்னேன். இது வெளில வந்தா வேலை போயிடும். வேலை போனா கிரீன் கார்டு போச்சு. பொட்டியைக் கட்டிண்டு கிளம்ப வேண்டியதுதான். அவ்வளவு ஒண்ணும் பட்டிருக்காது அங்கே. வெயில் ஏறினா போயிடும்." சொல்லும்போதே என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. வேஷ்டியில் பட்டால் விஷம், ஊஞ்சலில் பட்டால் வெயிலில் போய்விடுமாம்!

அண்ணா கோபிக்கவில்லை. "நமக்குத் தீட்டு வந்தா என்னடா பண்றோம்? யாராவது கிட்ட வந்தா நாமளே முந்திண்டு சொல்றோமோல்லியோ, எனக்குத் தீட்டு, என்னைத் தொட்டுடாதேங்கோன்னு? அவா கேக்கட்டும்னு காத்திண்டிருப்போமா? தெரிஞ்சும் சொல்லாம போய்க் கலந்துண்டவனை அப்பா ஆத்துக்குள்ளேயே சேர்த்ததில்லை." கொஞ்சம் நிறுத்தி, "இப்போ தீட்டு உன் கையில இருக்கு," என்றான்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றாகப் போகிறது. தெவசத்துக்கு ஒரு வேளை உண்டு. அது தப்பினால் வருஷம் முழுக்க மனசு ஆறாத ஆள் அண்ணா. அப்பா போனதிலிருந்து ஒரு வருஷம்கூட அது தப்பினதில்லை. "நாழியாயிடும்ணா," என்றேன். "ஆறு ஆத்துக்குப் போகணும். ஒவ்வொருத்தருக்கும் விவரமாச் சொல்லணும்."

"ஆகட்டும். போய்ச் சொல்லிட்டு வா." ஈர வேஷ்டியோடு பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். "அப்பா காத்திண்டிருப்பார்."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெரு அமைதியாக இருந்தது. யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டோனாவின் வீட்டு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் இரட்டைப் பையன்கள் இரண்டு பேரும் நீச்சல் உடுப்பில், பின்கதவைத் திறக்கப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவர்களை நிறுத்து," என்றேன். "கதவைத் திறக்க விடாதே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரே தாவலில் போய்ப் பையன்களை இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். காலையிலிருந்து அவர்கள் வெளியே போனார்களா என்று கேட்டேன். இல்லை, டிவியில் கார்ட்டூன் இப்போதுதான் முடிந்தது என்றாள். குளத்துத் தண்ணீரைத் தொட வேண்டாம், நான் வந்து கொட்டுகிறேன், ஊஞ்சலை நானே கழுவித் தருகிறேன், இரண்டு நாளைக்குக் குழந்தைகளை வெளியே விடாதே என்றேன். வாந்தி, மயக்கம், கண் மங்கல் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தப் பெயரைக் காட்டு என்றேன்.

அவள் இரண்டு பையன்களையும் இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, அப்புறம் சிவந்தது.

"குழந்தைகள் இருக்கிற இடத்தில் இதை அடிக்கச் சொன்ன முட்டாள் யார்?" என்றாள்.

"நான்தான்," என்றேன்.

அவள் பையன்களை உள்ளே தள்ளினாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஃபோன் சுழற்றும் சத்தம் கேட்டது. நான் அடுத்த வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினேன்.